சனிக்கிழமைத் தலைவலி

பொய்க் காய்ச்சலைக் கண்டுபிடிப்பதில் ஜோதியை மிஞ்ச அந்த விடுதியில் ஆள் கிடையாது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருந்த தங்கிப் படிக்கும் பள்ளி அது. பெண்கள் விடுதியின் இரண்டாம் மாடிக்கு அவள்தான் வார்டன். மாடியில் நூற்றிருபது பிள்ளைகள், எல்லாரும் மருத்துவப் படிப்பு நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிறவர்கள். ஞாயிறுதோறும் வாரத்தேர்வு உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே ஒருத்திக்குத் தலை வலிக்கத் தொடங்கும், இன்னொருத்திக்கு வயிறு. வெந்நீர் டம்ளரில் தெர்மாமீட்டரை முக்கி எடுத்துக்கொண்டு வந்தவள், அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு வந்தவள் என்று ஏழு வருடத்தில் எல்லா ரகத்தையும் ஜோதி பார்த்துவிட்டாள். "ஜோதி மேடத்துக்கிட்ட மட்டும் பருப்பு வேகாதுடி" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது அவள் காதிலும் விழும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம். புருஷன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். குழந்தை இல்லை. விடுதியின் கோடியில் இருந்த ஒற்றை அறையே அவளுக்கு வீடு.

அந்த ஆகஸ்டு மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை ஆறரை மணிக்கு, படிப்பு நேரத்தில் மோகனப்பிரியா அவள் அறைக்கு வந்து நின்றாள். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் தீனதயாளனின் மகள். போன வருடம் மதிப்பெண் போதாமல், இந்த வருடம் இரண்டாம் முறையாகப் படிக்க வந்தவள். முந்தைய ஞாயிற்றுக்கிழமைத் தேர்விலும் அவள் பெயர் பட்டியலின் அடியில்தான் இருந்தது.

"மேடம், தலவலி தாங்க முடியல."

"எப்ப இருந்து?"

"நேத்து ராத்திரில இருந்து மேடம். குளுருது."

ஜோதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. இது வெங்காயச் சூடு அல்ல என்று கைக்குத் தெரிந்தது. ஆனால் மழைக்காலம், மாடியில் பாதிப் பேருக்குச் சளி. உடம்பு சரியில்லாதவர்களைக் குறித்துவைக்கும் நோட்டில் 'தலைவலி, லேசான காய்ச்சல்' என்று எழுதி, ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அந்த வாரக் கடைசியில் அதே நோட்டில் இன்னும் நாலு பேர் பெயர் இருந்தது.

மதியம் வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தில் மோகனப்பிரியா மறுபடி வந்தாள். ஜோதியின் போனை வாங்கி அப்பாவிடம் அஞ்சு நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று ஜோதி கவனிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தாள், பெண் துப்பட்டாவைக் கண்ணுக்கு மேல் இழுத்து விட்டிருந்தாள்.

"வெளிச்சம் பட்டாக் கண்ணு கூசுது மேடம். சாப்பிட்டது பூராம் வாந்தியாப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா மேடம்?"

"வெறும் வயித்துல ராத்திரி பூராம் முழிச்சுப் படிச்சா வாந்தி வராம என்ன பண்ணும்? நாளைக்குப் பரீட்சைய எழுதிப்போட்டு வா. மத்தியானம் நானே கூட்டிட்டுப் போறேன்."

இன்னொரு மாத்திரை கொடுத்தாள். நோட்டில் இன்னொரு வரி எழுதினாள்.

மாலை ஆறு மணிக்கு வராந்தாவில் பெயர் கூப்பிடும்போது மோகனப்பிரியா பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். தலை சீவவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றாள். ஏன் லேட் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. முகத்தை நிமிர்த்தி, ஜோதியின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவங்க கேட்டாத் தலையக் குனிஞ்சு பதில் சொல்லத் தெரியாதா?"

"குனிய முடியல மேடம்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜோதிக்குச் சுருக்கென்றது.

"முடியலையா? திமிரு ஏறுனா அப்புடித்தான் கழுத்து வெறைச்சுக்கும். குனியற வரைக்கும் இங்கயே நில்லு."

இருபது நிமிடம் நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை, குனியவும் இல்லை. தலை சற்றுப் பின்னால் சாய்ந்தபடியே இருந்தது. கடைசியில் ஜோதிதான் "போய்த் தொல" என்று சொல்லி அனுப்பினாள். ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றுப்போன எரிச்சலோடு அன்று படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மோகனப்பிரியாவின் அறையில் இருக்கும் அன்புச்செல்வி ஓடி வந்தாள்.

"மேடம், சீக்கிரம் வாங்க. அவ என்னைய யாருன்னு கேக்கறா. அம்மான்னு என்னையக் கூப்புடறா."

ஜோதி போய்ப் பார்த்தபோது மோகனப்பிரியா கட்டிலில் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தாள். உடம்பு அடுப்புபோல் கொதித்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கால் பக்கம் போர்வை விலகியிருந்த இடத்தில் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். ராகியைக் கைப்பிடி அள்ளி வீசியதுபோல் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை.

"ராத்திரி ரெண்டு தடவ வாந்தி எடுத்தா மேடம்" என்றாள் அன்புச்செல்வி. "உங்கள எழுப்பலாம்னு சொன்னோம். வேண்டாம், திட்டுவாங்கன்னு அவதான் சொல்லிட்டா."

பள்ளி வேனில் படுக்க வைத்து நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பெற்றோர் போன் நம்பர் எழுதியிருந்ததால் அந்த நோட்டை ஜோதி தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அங்கே பணியில் இருந்த டாக்டர் ஒரு கண்ணாடி டம்ளரை வாங்கி, காலில் இருந்த புள்ளிகள்மேல் அழுத்திப் பார்த்தார். அழுத்தியும் புள்ளி மறையவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. உடனே ஊசி மருந்தைக் கொண்டுவரச் சொல்லி நரம்பில் ஏற்றினார். ஆம்புலன்சுக்குச் சொன்னார். பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"இன்னைக்குக் காலைல இருந்துதானுங்க."

அது யோசித்துச் சொன்ன பொய் அல்ல. சூட்டில் கை பட்டால் தானாகப் பின்னால் இழுத்துக்கொள்வதுபோல், வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் அப்படியே எழுதினார். எழுதியதை ஜோதி பார்த்தாள். இனி மாற்றிச் சொல்ல முடியாது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜீவா என்ற பெண் மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டபோது, கடிதத்தில் இருந்ததையே இவளும் சொன்னாள்.

"விடுதியில வேற யாருக்காச்சும் ரெண்டு மூணு நாளா காய்ச்சல், தலைவலி?"

"யாருக்கும் இல்லீங்க."

மோகனப்பிரியாவைத் தனியறைக்குக் கொண்டு போனார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டியது அரிசி களைந்த நீர்போல் கலங்கி வந்தது என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். பதினோரு மணிக்கு டாக்டர் ஜீவா வெளியே வந்து ஜோதியை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூளைக்காய்ச்சல்னு ஊர்ல சொல்றாங்கல்ல, அதுல ஒரு வகை இது. மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அதுல பாக்டீரியா கிருமி புகுந்துடுச்சு. இந்தக் கிருமி சில பேர் தொண்டையில சும்மா இருக்கும், ஒண்ணும் பண்ணாது. இருமல், எச்சில், ஒரே டம்ளர் தண்ணி, இப்படி இன்னொருத்தருக்குப் போகும். விடுதி மாதிரி நெருக்கமான இடத்துல சீக்கிரம் பரவும். யாரோ ஒருத்தருக்கு மட்டும் ரத்தத்துல இறங்கிடும். இறங்கினா ஒரு நாள்ல ஆளையே சாய்ச்சிடும்."

"முன்னாடியே தெரியாதுங்களா?"

"முதல்ல சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். நாங்களே ஏமாந்து போவோம். அப்புறம் கடுமையான தலைவலி, வாந்தி, வெளிச்சம் பட்டா கண் கூசும். முக்கியமானது கழுத்து. தலையைக் குனிஞ்சா அந்த உறை இழுபடும், உயிர் போற வலி வரும். அதனால கழுத்து விறைச்சுக்கும். மோவாயை நெஞ்சுல வைன்னு சொன்னா வைக்கவே முடியாது. அவங்க நினைச்சாலும் முடியாது."

ஜோதி தலையை ஆட்டினாள். டாக்டர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஜோதிக்கு எதுவும் கேட்கவில்லை. வராந்தாவும், நூற்றிருபது பிள்ளைகளும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணும்தான் கண்ணுக்குள் இருந்தார்கள். ஒவ்வொன்றையும் அந்தப் பெண் தன் வாயாலேயே சொன்னாள். தலைவலி சொன்னாள், வாந்தி சொன்னாள், கண் கூசுகிறது என்றாள், குனிய முடியவில்லை என்றாள். டாக்டர் கேட்டிருந்தால்கூட அவ்வளவு வரிசையாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளி மேலாளர் வெங்கடாசலம் போனில் கூப்பிட்டார்.

"ஜோதிம்மா, நோட்டு உங்ககிட்டதான இருக்குது? சனிக்கிழமைப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

சொன்னாள்.

"செரி. அந்தப் பக்கத்த எடுத்துப்போட்டு வேற எழுதிருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நாம கூப்பிட்டோம், பொண்ணுதான் பரீட்சை இருக்குது வரலைன்னு சொல்லிருச்சுன்னு இருக்கட்டும். உங்க நல்லதுக்குத்தாஞ் சொல்றேன்."

"பாக்கறனுங்க சார்" என்றாள். போனை வைத்த பிறகு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாளைக் கிழிக்க ஒரு நொடி போதும். கை அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தும் விட்டது.

அப்போதுதான் தீனதயாளன் வந்தார். மெலிந்த மனிதர், சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. தறியை நிறுத்தியதும் அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு வழியாக மகளைப் பார்த்துவிட்டு வந்தவர், ஜோதியின் எதிரில் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"டாக்டரம்மா சொன்னாங்க மேடம். காலைல சீக்குன்னு தெரிஞ்சதும் நேரங் கடத்தாம நாமக்கல்லுல ஊசியப் போட்டதுதான் உசிரக் காப்பாத்தியிருக்குதுங்களாம். பெத்த தாய் மாதிரி தூக்கிட்டு வந்திருக்கீங்க. நாங்க எந்த ஜென்மத்துல இதத் தீக்கப் போறோமோ தெரியலீங்க."

அவர் அடித்திருந்தால் ஜோதி தாங்கியிருப்பாள். கூப்பிய கையைத் தாங்க முடியவில்லை. நோட்டோடு எழுந்து நேராக டாக்டர் ஜீவாவின் அறைக்குப் போனாள்.

"நான் பொய் சொல்லிட்டனுங்க. அவளுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே தலவலி. நேத்து ரெண்டு தடவ எங்கிட்ட வந்தா. மாத்திரை குடுத்து அனுப்பிச்சுட்டேன். வேற யாருக்கும் இல்லைன்னதும் பொய்யிங்க. நாலு பேருக்கு இருக்குது. பேரு இதுல இருக்குது."

டாக்டர் நோட்டை வாங்கிப் படித்தாள். திட்டவில்லை. போனை எடுத்து, அந்த நாலு பேரையும் உடனே அனுப்பி வைக்கும்படி விடுதிக்குச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த நாலு பேர்ல ஒருத்திக்கு இருந்திருந்தா, காலையில இருந்து அஞ்சு மணி நேரம் போயிருக்கும். புரியுதா?"

"நேத்தே கொண்டாந்திருந்தா இவளுக்கு இவ்ளோ தூரம் ஆயிருக்காதுங்களா?"

"அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்திருந்தா நல்லது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம் என்று ஜோதிக்குத் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் இடமே இல்லை.

நாலு பேரில் மூன்று பேருக்கு வெறும் சளி. ஒருத்தியை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். திங்கட்கிழமை சுகாதாரத் துறையினர் விடுதிக்கு வந்து, மோகனப்பிரியாவோடு ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஜோதி, எல்லாருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜோதி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு இது எதற்கு என்று வெகுநேரம் நின்றாள். அப்புறம் விழுங்கினாள்.

செவ்வாய்க்கிழமை மோகனப்பிரியா கண் விழித்தாள். அம்மாவை அடையாளம் தெரிந்தது, தண்ணீர் கேட்டாள். ஆனால் வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. பரிசோதித்துப் பார்த்ததில் வலது காது முழுக்கப் போயிருந்தது, இடது காது பாதி கேட்டது. இந்த நோய் விட்டுப்போகும் தழும்பு அது, பல பேருக்குக் காதைத்தான் பறிக்கும் என்று டாக்டர் சொன்னாள். உயிர் பிழைத்ததே பெரிது என்று தீனதயாளன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜோதி தினமும் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். டாக்டரிடம் சொன்னது தீனதயாளனுக்குத் தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை, 'நீங்களே சொல்லுங்க' என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தாள். புதன்கிழமை மதியம் அவர் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை இலையோடு கிழித்து ஜோதியிடம் நீட்டினார்.

"சாப்புடுங்க மேடம். நீங்களும் நாலு நாளா அலையறீங்க."

ஜோதி வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, மதியம், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் கேட்டது, கடைசியாக வராந்தா. எதையும் குறைக்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, அதை மட்டும் சொல்லவில்லை.

தீனதயாளன் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நேரம் நிக்க வெச்சீங்க?"

"இருவது நிமிசமுங்க."

"எல்லாப் புள்ளைங்களும் பாத்துதுங்களா?"

"ஆமாங்க."

பஸ் நிலையம் போகும் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"அன்னைக்குப் போன்ல எங்கிட்டயுந்தான் சொன்னா" என்றார். "தல வலிக்குதுப்பான்னா. நாளைக்குப் பரீட்சை முடியட்டும் சாமி, அப்புறம் பாக்கலாம்னு நானுந்தான் சொன்னேன். என்ற வாயால சொன்னேன். அதுக்காக உங்களோடது கொறஞ்சு போயராதுங்க."

"கொறையாதுங்க" என்றாள் ஜோதி.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

மறுநாளிலிருந்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பள்ளியில் மட்டும் விசாரணை நடந்தது. நோட்டு அப்படியே இருந்ததாலும், டாக்டரிடம் அவளே ஒப்புக்கொண்டதாலும், வெங்கடாசலத்துக்குச் சுலபமாகப் போயிற்று. வார்டனின் அலட்சியம் என்று எழுதி, அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அலட்சியம் என்பதில் அவளுக்கு மறுப்பு இல்லை. அவள் பையைக் கட்டும்போது அன்புச்செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், அன்னைக்கு வரிசைல சிரிச்சது நான்தான்."

ஜோதி அவளை அருகில் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். "அவளுக்குப் போன் பண்ணிப் பேசு கண்ணு. எடது காதுல வெக்கச் சொல்லு" என்றாள்.

மல்லசமுத்திரத்துக்குப் போய் இரண்டு மாதம் சும்மா இருந்தாள். புருஷன் போனில், "நீ என்ன டாக்டரா, உனக்கெப்புடித் தெரியும்?" என்றான். அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். டாக்டராக இருக்க வேண்டியதில்லை, சொன்னதை நம்பியிருந்தாலே போதும் என்று அவனுக்கு விளக்க அவளால் முடியவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் கிளம்பிக் குமாரபாளையம் போனாள்.

தறிக்கொட்டகையை ஒட்டிய இரண்டு அறை வீடு. தறிச் சத்தத்தில் வாசலில் நின்று கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. தீனதயாளன்தான் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையால் உள்ளே காட்டிவிட்டுத் தறிக்குத் திரும்பினார்.

மோகனப்பிரியா தரையில் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். இடது காதில் கேட்கும் கருவி.

"இந்தப் பக்கம் உக்காருங்க மேடம்" என்று இடது பக்கத்தைத் தட்டினாள். "வலது காது போனதுல ஒரே ஒரு லாபம். அத மேல வெச்சு, எடது காதத் தலகாணியில அமுக்கிப் படுத்தாத் தறிச் சத்தமே கேக்காது. நல்லாத் தூக்கம் வருது."

அவள் சிரித்தாள். ஜோதியால் சிரிக்க முடியவில்லை.

"மேடம், எனக்கு அந்தச் சனிக்கிழமை சுத்தமா ஞாபகம் இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி படிச்சிட்டிருந்தேன், அப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல என்ன ஆச்சு? அப்பாகிட்டக் கேட்டா எந்திரிச்சுப் போயிடறாரு."

இங்கே வரும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைத்தான் ஜோதி சேர்த்து வைத்திருந்தாள். இந்தப் பெண்ணுக்கு நடந்ததே தெரியாது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டாலும் விடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது.

சொன்னாள். தறிச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது, சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. திமிர் என்று சொன்னதையும், போய்த் தொலை என்று சொன்னதையும் அந்த ஒரு காதின் அருகில் வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னாள். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தாயின் கை நின்றது.

மோகனப்பிரியா பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்லாததுக்கு எப்படி மேடம் கோபப்படறது?" என்றாள். மூடியை அழுத்தி மாட்டிவிட்டு, "ஆனா கோபம் வருது" என்றாள்.

"வரட்டும் சாமி."

"நீங்க இப்பப் போறீங்களா மேடம்? எனக்குப் படிக்கணும்."

ஜோதி எழுந்தாள். தாய் டீ டம்ளரோடு வாசலுக்கு வந்து நீட்டினாள். நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

தெருமுனை வந்ததும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தீனதயாளன் வந்துகொண்டிருந்தார். கூட வரவில்லை, நாலடி தள்ளியே நடந்தார். பஸ் நிறுத்தத்தில் அவளிடமிருந்து தள்ளி நின்றுகொண்டார். கால் மணி நேரம் கழித்துத் திருச்செங்கோடு பஸ் வந்தபோது, கூட்டத்துக்குள் கையை நீட்டி நிறுத்தி, "ஒரு லேடீஸ் இருக்குதுங்க, கொஞ்சம் வழி உடுங்க" என்று நடத்துநரிடம் சொன்னார். ஜோதி ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவர் திரும்பித் தறிக்கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.